தம்பியைக் கேளாமல் தம்பிக்காகப் பேசிய ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தென்மேற்கே, சாட்ஸ்வர்த்தில், எங்கள் பகுதி மக்களுக்கான கூட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுந்து நின்று, கையிலிருந்த இரண்டு பக்கத் தாளைப் பார்த்தபடி, நூலகத்தின் வாயிலில் ஒரு சாய்தளம் அமைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த என் தம்பி முட்டியால் என் முழங்கையை இரண்டு முறை தட்டினான். தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு பேச்சை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், காருக்குள், அவன் மெல்ல மெல்ல ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தான்: "நூலகத்துக்குப் போவது நீ, அக்கா. எனக்கு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடைபாதை வேண்டும்."

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம் உண்டு. 1978-இல் பிறந்தவன். அவனுடைய அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாக்கும் உதடும் அவன் நினைத்த வேகத்தில் அசையாததால், பழக்கமில்லாதவர்களுக்கு அவன் பேச்சு புரிவது கடினம். அம்மா உயிரோடு இருந்தவரை அம்மா அவனுக்காகப் பேசினார். அம்மாவுக்குப் பிறகு நான் பேசினேன். மருத்துவமனையிலும், உதவித்தொகைக்கான சாசா அலுவலகத்திலும், கோயிலிலும், கல்யாண வீடுகளிலும், "அவனுக்கு என்ன வேண்டும்?" என்று எல்லோரும் என்னைப் பார்த்தே கேட்பார்கள், நானும் அவன் பக்கம் திரும்பாமலே பதில் சொல்வேன். அன்பினால் செய்தேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எங்கள் தெருவின் நடைபாதை வடிகாலுக்குப் பக்கத்தில் உடைந்து கிடப்பதும், அவன் தனியாக வெளியே போகும் நாட்களில் அந்த இடத்தில் சாலைக்குள் இறங்கி, வளைவில் வேகமாக இறங்கி வரும் வண்டிகளுக்கு எதிரே செல்வதும், அவனைக் காரில் ஏற்றிக்கொண்டே பழகிய எனக்கு அன்றுவரை தெரியாது.

சாட்ஸ்வர்த் குன்றுகளின் மேல் அமைந்த ஊர். இனம் பார்த்து வசிப்பிடங்களைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, கேட்டோ மேனர், கிளேர்வுட், மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை 1960-களில் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகள்; ஒன்று சாலைக்கு மேலே, மற்றொன்று கீழே. எங்கள் வீட்டு வாசலுக்குச் சாலையிலிருந்து பதினான்கு படிகள் இறங்க வேண்டும். அந்த வீடுகளைத் திட்டமிட்டவர்கள் அங்கே வாழப்போகிறவர்களிடம் ஒரு சொல் கேட்டதில்லை. வாக்குரிமையே இல்லாதவர்களிடம் யார் கேட்பார்கள்? அந்தப் படிகளில் அப்பாவும் சித்தப்பாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். பத்து வயது வரை அவனைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி எதுவும் கிடைக்கவில்லை. எழுத்துகளை அம்மாதான் அரிசித் தட்டில் தன் விரலால் எழுதிக் காட்டினார். அவன் கண்ணால் படித்தான்.

எங்கள் வீட்டில் முதலில் வாக்களித்தவர் எங்கள் பாட்டி, ஆயா. 1984-இல் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனியாக ஓர் அவையை ஏற்படுத்தித் தேர்தல் நடத்தியபோது, பெரும்பான்மையான ஆப்பிரிக்க மக்களை வெளியே நிறுத்திவிட்டு நமக்கு மட்டும் நாற்காலி போடுகிறார்கள் என்று சொல்லி எங்கள் குடும்பம், மிகப் பலரைப் போலவே, அதைப் புறக்கணித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1994 ஏப்ரல் 26 அன்று, முதியோருக்கும் உடல் இயலாதவர்களுக்குமான சிறப்பு வாக்குப்பதிவு நாளில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலற்றுப்போன ஆயாவைச் சாப்பாட்டு மேசை நாற்காலியோடு தூக்கிச் சென்றோம். திரும்பி வந்த பிறகு பெருவிரலைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார். பதினாறு வயதுத் தம்பி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். 1999 ஜூன் 2 அன்று அவன் முறை வந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு ஓட்டு எதற்கம்மா, பாவம்?" என்றார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது அவருடைய கேள்வியை ஒப்புக்கொண்ட சிரிப்பு.

இந்த இடத்தில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் படித்த குடும்பங்களில்கூட இது தெரியாமல் இருக்கிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மனநிலை சரியில்லாதவர் என்று உயர்நீதிமன்றம் ஒருவரை அறிவித்திருந்தாலோ, மனநலச் சட்டத்தின்கீழ் அவர் அடைத்து வைக்கப்பட்டிருந்தாலோதான் அவர் பெயர் பட்டியலில் சேராது. மருத்துவர் எழுதிய சீட்டோ, சிறப்புப் பள்ளியில் படித்த வரலாறோ, மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவதோ யாருடைய வாக்கையும் பறிக்காது. வாக்குச்சாவடியில் உதவி தேவைப்படுகிறவர் தன்னோடு வர ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். துணைக்கு வருபவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும், கட்சியின் முகவராகவோ வேட்பாளராகவோ இல்லாதவராகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1998-ஆம் ஆண்டின் 73-ஆம் எண் தேர்தல் சட்டம், 39-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. அந்தப் பிரிவின்படி உதவியைக் கேட்க வேண்டியவர் வாக்காளர். அக்காவோ அம்மாவோ தாமாகவே உள்ளே நுழைந்து சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ள உரிமை இல்லை. பார்வையற்றவர்கள் தாமே குறியிடுவதற்கென்று வாக்குச்சீட்டின் மேல் பொருத்தும் அச்சுத்தகடு ஒன்றும் உண்டு. அதைக் கேட்டு வாங்கலாம். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் அதிகாரிகள் வாக்குப்பெட்டியோடு வீட்டுக்கே வருவார்கள். 2024 தேர்தலில் மே 29 பொது வாக்குப்பதிவுக்கு முன், மே 27, 28 ஆகிய நாட்களில் இது நடந்தது.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால் அடையாள அட்டை வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகாத பிள்ளைக்கு அட்டை எதற்கு என்று எடுக்காமலே விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். தேர்தல் தேதியை அரசு முறைப்படி அறிவித்ததும் வாக்காளர் பட்டியல் மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஓடுவதில் பயன் இல்லை.

வாக்கு ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை வருவது, ஒன்று நாட்டுக்கும் மாகாணத்துக்கும், மற்றொன்று நகராட்சிக்கும். நடைபாதையும் விளக்குக்கம்பமும் பஸ் நிறுத்தமும் இடையில் உள்ள நாட்களில்தான் முடிவாகின்றன. 1998-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டப்படி வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவராகவும், அவரைத் தவிர அதிகபட்சம் பத்துப் பேரும் இருக்கலாம். வார்டில் உள்ள பல்வேறு தரப்பினரும் அதில் இடம்பெற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இளைஞர்கள், மகளிர், சமயக் குழுக்கள் என்று தரப்பு தரப்பாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதற்கு முழு நியாயம் உண்டு. அந்த இடத்துக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி எழும்போது, மாற்றுத்திறனாளியின் அண்ணனையோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ, நல்ல மனமுள்ள சமூக சேவகரையோ அனுப்பிவிடுவது நம் வழக்கம். அவர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள். நானும் நூலகத்துச் சாய்தளம் பற்றி நன்றாகத்தான் பேசினேன்.

2000-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் நகராட்சி முறைமைகள் சட்டத்தில் 17-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவை நான் அச்செடுத்து, பல மாதங்கள் பையில் வைத்திருந்தேன். மக்கள் பங்கேற்புக்கான ஏற்பாடுகளைச் செய்யும்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பின்தங்கிய பிற குழுவினர் ஆகியோரின் தனித் தேவைகளை நகராட்சி கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன கேட்கலாம்? கூட்டத்தைப் படி இல்லாத இடத்தில் வையுங்கள் என்று கேட்கலாம். காது கேளாதவர் ஒருவர் வருகிறார், சைகைமொழி பெயர்ப்பாளரை அழையுங்கள் என்று முன்னதாகவே எழுதலாம். படிக்க வேண்டிய தாள்களைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லலாம். எங்களுக்கு எல்லாவற்றையும்விட இதுவே உதவியது, ஏனென்றால் தம்பி பேச வேண்டியதை முன்பே யோசித்து, சுருக்கி, நாக்கைப் பழக்க அவனுக்கு நாட்கள் வேண்டும்.

காலமும் முக்கியம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை அதற்குக் குறைந்தது தொண்ணூறு நாட்கள் முன்னதாகவே மன்றத்தின் முன் வைத்துவிட வேண்டும். ஆகவே மார்ச் முடிவுக்குள் அது வெளியாகிவிடும், ஏப்ரலிலும் மே மாதத்திலும் மக்களின் கருத்தைக் கேட்பார்கள். நம் குறைகளை நாம் பொதுவாக எப்போது சொல்கிறோம்? மழை பெய்து நடைபாதை பிளந்த பிறகு, நவம்பரில். அப்போது பணம் வேறு வேலைகளுக்குப் பிரிந்து போயிருக்கும். இரண்டு ஆண்டுகள் இப்படிக் காலம் தவறிக் கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

தம்பி முதல் தடவை தானே பேசிய கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் வாயிலில் நான்கு படிகள் இருந்தன. இளைஞர்கள் நால்வர் நாற்காலியோடு அவனைத் தூக்கினார்கள். தூக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். தூக்கியவர்கள் நல்லவர்கள், ஆனால் நாற்பது வயது ஆண்மகன் ஒருவன் நாலு பேர் முன்னால் மூட்டையைப் போல் உயர்த்தப்படும்போது அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை. அவன் முறை வந்ததும் கூட்டத்தை நடத்தியவர், வழக்கம்போல, என்னைப் பார்த்தார். நாங்கள் வீட்டிலேயே ஒரு முறையை வகுத்திருந்தோம். அவன் ஒரு வாக்கியம் சொல்வான்; நான் அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், திருப்பிச் சொல்வேன்; சரி என்றால் கண்ணை மூடித் திறப்பான்; தவறு என்றால் மறுபடி சொல்வான். மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள், அவனுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. ஏழாவது நிமிடத்தில் பின்வரிசையில் பேச்சுச் சத்தம் எழுந்தது. நான் பதற்றத்தில் அவன் சொன்னதோடு என் சொந்தச் சொற்கள் இரண்டைச் சேர்த்துவிட்டேன். அவன் கண்ணை மூடவில்லை. நான் திருத்திச் சொல்லும்வரை காத்திருந்தான்.

அவன் கேட்டவை மூன்று: வடிகாலருகே உடைந்த நடைபாதை, பஸ் நிறுத்தத்தில் நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்துவது, இனிமேல் கூட்டத்தைத் தரைத்தளத்தில் உள்ள இடத்தில் வைப்பது. மூன்றாவது அடுத்த கூட்டத்திலேயே நடந்தது. முதலாவதற்கு பதினெட்டு மாதங்கள் ஆயின. இரண்டாவது இன்னும் நடக்கவில்லை.

இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகள் தமக்காகத் தாமே பேசியது புதிய கதையன்று. நிறவெறி ஆட்சியின் நடுவிலேயே, 1984-இல், தென்னாப்பிரிக்க மாற்றுத்திறனாளிகள் அமைப்பு உருவாயிற்று. நிறப் பிரிவினை கடந்து அது ஆட்களைச் சேர்த்தது. 1992-இல் அவர்கள் தங்கள் உரிமைச் சாசனத்தை வெளியிட்டார்கள். "எங்களை விலக்கிவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்ற முழக்கத்தை உலகம் அறிந்ததில் இந்நாட்டு மாற்றுத்திறனாளித் தலைவர்களான வில்லியம் ரோலண்டுக்கும் மைக்கேல் மசூதாவுக்கும் பங்கு உண்டு. இருவரும் பார்வையற்றவர்கள், மசூதா வழக்கறிஞர், பின்னாளில் நீதித்துறை அமைச்சராகவும் இருந்தார். 1996 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களை வரிசைப்படுத்தும்போது இனத்தோடும் பாலோடும் உடல், மனக் குறைபாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர்கள் வாதாடிப் பெற்றது. 2007-இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்நாடு ஏற்று உறுதி செய்தது. அதன் 29-ஆம் பிரிவு அரசியல், பொது வாழ்வில் பங்கேற்பைப் பற்றியது. அண்மையில், 2022-இல், பார்வையற்றவர்களின் அமைப்பொன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று, 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புத்தகங்களைப் பிரெயிலுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது என்று வாதாடி வென்றது.

அதே அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவைத் தமிழர்கள் நாம் பெருமையோடு எடுத்துக் காட்டுவோம், ஏனென்றால் மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் அதில் இருக்கிறது. சைகைமொழியும் அதே பிரிவில்தான் இருந்தது. 2023 ஜூலையில் அது நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆயிற்று. காது கேளாதவர்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற ஒன்று அது, பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்தது.

நம் வீடுகளில் மட்டும் ஏன் இந்தக் குரல் நெடுங்காலம் எழவில்லை? வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் மற்றப் பெண்களுக்கு வரன் அமையாது என்ற அச்சம் மற்றொன்று. என் பெரியம்மா என் கல்யாணப் பேச்சு நடந்த நாளில் தம்பியைப் பின்னறையில் வைக்கச் சொன்னார், அம்மா மறுத்துவிட்டார். தலையெழுத்து, முன்வினை என்ற சொற்களும் சேர்ந்துகொண்டன. சொற்களைப் பற்றி இன்னும் ஒன்று: நொண்டி, செவிடு, பைத்தியம் என்று நாங்கள் சிறுவயதில் கூசாமல் பேசினோம். மாற்றுத்திறனாளி என்ற சொல் தமிழ்நாட்டிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது. நான் அதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் தம்பிக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்பான்.

குடும்பங்களின் குரலுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்த மனநோயாளிகளை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, 2016-இல் வசதியற்ற இல்லங்களுக்கு மாற்றினார்கள். மாற்றாதீர்கள் என்று குடும்பத்தினர் முன்பே மன்றாடினார்கள், ஊர்வலம் போனார்கள், நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். யாரும் செவிகொடுக்கவில்லை. 144 பேர் பசியாலும் நோயாலும் கவனிப்பின்மையாலும் இறந்தார்கள். பிறகு ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே முன் நடந்த விசாரணையில் தாய்மாரும் சகோதரிகளும் ஒவ்வொருவராக வந்து பேசியதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கேட்டது. 2018 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்த நாட்களில் தம்பியும் நானும் அருகருகே அமர்ந்து அதைப் பார்த்தோம். ஒரு சகோதரி பேசி முடித்ததும், அந்த இல்லங்களில் இருந்தவர்களில் உயிர் தப்பியவர்களை யாராவது கேட்டார்களா என்று தம்பி என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பேச இயலாதவர், பேசினாலும் நம்பப்படாதவர், இவர்களுக்கு அருகில் ஓர் உறவினர் உரக்கப் பேசியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாத இடத்திலும் அதே பழக்கத்தில் நாம் பேசிக்கொண்டே போவதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் நிர்வாகக் குழு உண்டு. அதில் வாக்குரிமை உள்ளவர்களில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். சிறப்புப் பள்ளிகளின் குழுவில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளுக்கும், பொருந்துமிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குமே இடம் உண்டு. பள்ளியில் தன் பிள்ளையின் சேர்க்கை நிற்குமோ என்று அஞ்சியே பெற்றோர் பலர் அந்தத் தேர்தலில் நிற்பதில்லை. சிறப்புக் கல்வித் தேவை உள்ள ஒரு குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது பெற்றோரின் உரிமையையும் விருப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் கடினமாக இருந்த இடம் கோயில். வார்டு கூட்டத்தில் சட்டத்தைக் காட்டலாம். கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் நம் மாமாவும் சித்தப்பாவும். தைப்பூசத்தில் காவடி எடுத்தவர்கள் வரிசையாக உள்ளே போகும்போதும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், தம்பி ஆண்டுதோறும் வாயிலுக்கு வெளியே, மா மரத்தடியில் இருப்பான். பிரசாதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவோம். ஓர் ஆண்டு, வெளியூரிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் அவன் மடியில் ஐந்து ராண்டு காசை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அவன் அதை எடுத்து வைத்துக்கொண்டான். அந்த ஆண்டின் பொதுக்கூட்டத்துக்கு, சந்தா கட்டிய உறுப்பினன் என்ற முறையில், தானே வந்தான். அந்தக் காசை மேசைமேல் வைக்கச் சொன்னான். நான் வைத்தேன். அவன் பேசினான், நான் திருப்பிச் சொன்னேன்: "நான் இந்தக் கோயில் உறுப்பினன். எனக்கு உள்ளே வழி இல்லாததால் இதை எனக்குப் போட்டார்கள்." பெரியவர் ஒருவர், உனக்கு எது வேண்டுமானாலும் அக்காவிடம் சொல்லியிருக்கலாமே தம்பி என்றார். அவர் பரிவோடு சொன்னார். கட்டட நிதியில் பணம் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். முடிவு எடுக்க மூன்று கூட்டங்கள் ஆயின. பக்கவாயிலில் மரத்தாலான சாய்தளம் ஒன்றை இளைஞர்கள் இரண்டு சனிக்கிழமைகளில் செய்து முடித்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், பொங்கல் பானை தூக்குபவர்கள் என்று இப்போது எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். தம்பி இப்போது அந்தக் கமிட்டியில் உறுப்பினன்.

பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இது: எங்கள் பிள்ளைக்குப் பேச்சே இல்லை, அவன் எப்படிக் கூட்டத்தில் பேசுவான்? என்னிடம் எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெண்பிள்ளைக்குச் சொற்கள் வராது. அவளுடைய அம்மா கைப்பேசியில் படங்களைக் காட்டி, விளையாட்டுத் திடலில் எது பிடிக்கும், எது பயமாக இருக்கும் என்று ஒரு மாதம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் படங்களையே கருத்துரையாக எழுத்தில் சேர்த்து அனுப்பினார். அவளையும் கூட்டத்துக்கு அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அவள் அரைமணி நேரம் இருந்துவிட்டு, சத்தம் தாங்காமல் வெளியே போய்விட்டாள். அந்த அரைமணி நேரமும் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு வார்டு கமிட்டிகளைப் புதிதாக அமைப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் தரப்பில் தன் பெயரைக் கொடுக்கப்போவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். என்னைத் துணைக்கு வரச் சொல்லவில்லை. அவன் பேச்சுக்குப் பழகிய அடுத்த வீட்டுப் பையனைக் கேட்டிருக்கிறான். வரும் சனிக்கிழமை காலை இருவரும் அளவுநாடாவோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறார்கள், நடைபாதையின் விளிம்பு எத்தனை அங்குலம் உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு வர.